முழங்காலின் இரு பிறைகள்

“சவ்வு கிழிந்திருக்கிறது, வெட்டியெடுத்துவிடலாம்” என்று என் அன்னையாரிடம் மருத்துவர் ஒருவர் கூறினார். அச்சவ்வு யாது என அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

மெனிஸ்கஸ் எனப்படும் அது, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் அமைந்த குருத்தெலும்பு, முழங்காலுக்கு இரண்டு. வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல, சுற்றி ஓடும் அதன் நார்கள் பிறை வெளியே பிதுங்காதபடி காக்கின்றன. நிற்கையில் மூட்டின் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை அதுவே ஏற்கிறது. காலை மடக்குங்கால் இன்னும் மிகுதி. குந்தி அமர்ந்தே அடுக்களை வேலை முடிக்கும் நம் பெண்டிரின் முழங்கால் படும் பாட்டை எண்ணுக!

வயது ஏற ஏற நார்கள் நைந்து பிரிகின்றன. பிறையின் வெளியோரத்திற்கே குருதியோட்டம் உண்டு. ஆதலின் உட்புறக் கிழிசல் எளிதில் கூடுவதில்லை. பிறை பிதுங்கினால் பாரம் சிற்றிடத்தில் குவிந்து, எலும்பு முனையின் வழவழப்பான குருத்தும் தேய்கிறது.

வெட்டினால் தீருமோ? பிறையை அகற்றிய மூட்டுகள் எக்ஸ்ரேயில் மாறுதலுற்றிருந்ததை பேர்பாங்க் என்னும் ஆங்கில மருத்துவர் 1948-இலேயே எழுதினார். 2013-இல் பின்லாந்து மருத்துவர்கள், தேய்வினால் கிழிசலுற்ற 146 பேரில் ஒரு சாராருக்குக் கிழிந்த பகுதியை வெட்டினர். மற்றோர்க்கு வெட்டுவதாகப் பாவனை மட்டுமே செய்தனர். ஓராண்டுக்குப் பின் இரு சாராரின் நோவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை!

அன்னையாருக்கு வேறொரு மருத்துவர் தொடைத்தசைப் பயிற்சி விதித்தார். நோவு முற்றும் நீங்கவில்லை; ஆயினும் மாடிப்படி இறங்குகிறார்கள். விபத்தில் கிழிந்ததும், முழங்கால் நீட்ட இயலாது பூட்டிக்கொள்வதும் வேறு வகை. அவற்றுக்குத் தாமதியாது மருத்துவரை நாடுக.