கற்காரையின் தரம்: செய்முறையும் செயல்திறனும்

மேல்தளம் இடும் நாளில் ஒரு கட்டுமானக் களத்தைக் கண்டவர்கள் கலவை இயந்திரத்தின் இரைச்சலை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு சல்லி என்னும் கணக்கில் சட்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அவற்றை மேற்பார்வையாளர் எண்ணுவார். வீட்டு உரிமையாளரும் நிழலில் நின்று எண்ணுவார். ஆனால், எவரும் எண்ணாத பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர்.

கான்கிரீட் எனப் பேச்சில் வழங்கும் கற்காரைக்கு இந்த விகிதம் எம்20 என்னும் தரத்தைத் தரும் என்பது நெடுநாள் வழக்கு. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கற்காரைக் கனசதுரம் ஒன்று, வார்த்த 28ஆம் நாளில், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதே அவ்வெண்ணின் பொருள். சோதனை முடிவுகளுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இவ்வளவிற்குக் கீழே இறங்கலாகாது.

ஒன்று, ஒன்றரை, மூன்று என்பது வழி. 20 நியூட்டன் என்பது இலக்கு. ஒப்பந்தத்தில் இவ்விரண்டுள் எதை எழுதுவது? பொருள்களின் அளவையும் கலக்கும் முறையையும் வரையறுப்பது செய்முறைக் குறிப்பு. கிடைக்க வேண்டிய வலிமையையும் உழைக்க வேண்டிய காலத்தையும் மட்டும் கூறி, வழியைத் தயாரிப்பவரிடம் விடுவது செயல்திறன் குறிப்பு.

வழியை மட்டும் எழுதுவதில் உள்ள சிக்கலை அந்தத் தண்ணீரே காட்டிவிடும். சிமெண்டு நீரோடு வினைபுரிந்து இறுக, அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீர் போதும். கலவை இளகி, கம்பிகளுக்கிடையே பாய்வதற்காகவே மிகுதி நீர் சேர்க்கப்படுகிறது. அந்த மிகுதி பின்னர் ஆவியாகி, கற்காரைக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்பதை 1918ஆம் ஆண்டு சிகாகோவில் டஃப் ஏபிரம்ஸ் நிறுவினார். துளைகளின் வழியே கடற்காற்றின் உப்பு நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால், மேலே மூடியுள்ள கற்காரை வெடித்து உதிர்கிறது. கடலோர ஊர்களின் பழைய மாடி முகப்புகளில் இதை இன்றும் காணலாம்.

இனி, பொறுப்பு யாருடையது? தளம் பழுதுபட்டால், "சொன்ன அளவில்தானே கலந்தேன்" என்பார் ஒப்பந்ததாரர். குறிப்பை எழுதிய பொறியாளரோ, களத்தில் நீர் கூடியது என்பார். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கக்கூடும். பயனை எழுதியிருந்தால் தயாரித்தவர் விலக முடியாது. மேலும், அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உலைக் கசடுத் தூளையோ சேர்த்து, குறைந்த சிமெண்டில் அடர்ந்த கற்காரை செய்யும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும்.

கனடாவில் இளவரசர் எட்வர்டு தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் கான்பெடரேஷன் பாலம் 1997இல் திறக்கப்பட்டது. 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் உப்புநீரையும் உறைபனியையும் எதிர்த்து 100 ஆண்டுகள் நிற்குமாறு வடிவமைக்கப்பட்டது. அத்தகைய பணிக்கு ஒன்றரையும் மூன்றும் விடையாகா. உப்பு எவ்வளவு மெதுவாக உள்ளே ஊடுருவும் என்பதே அங்குக் கேள்வி. அதை அறியும் சோதனைகளுள் ஒன்றில் 50 மில்லிமீட்டர் கனமுள்ள கற்காரை வில்லையின் இருபுறமும் 60 வோல்ட் மின்னழுத்தம் ஆறு மணிநேரம் செலுத்தப்படும். கடந்து சென்ற மின்னூட்டம் 1000 கூலூமுக்குக் குறைந்தால் ஊடுருவல் மிகக் குறைவு. 4000ஐத் தாண்டினால் மிகுதி.

செயல்திறன் முறையே எங்கும் சிறந்தது என்று கூறிவிட இயலாது. ஆய்வகத்தில் நீரில் ஊறிய கனசதுரம் தேர்ச்சி பெறலாம். அதே கலவையில் இட்ட தளம் நீராற்றப்படாமல் வெயிலில் காய்ந்து கிடக்கலாம். சோதிக்கப்படுவது கலவையே தவிர, நாம் கூரையாகக் கொள்ளும் தளம் அன்று. 28ஆம் நாள் முடிவு வருவதற்குள் அதன்மேல் சுவர்களும் எழுந்துவிடும். ஐயம் வந்தால் தளத்திலிருந்தே உருளைகளைத் துளைத்தெடுத்துச் சோதிக்கலாம். அவற்றின் சராசரி வலிமை, கனசதுர வலிமைக்கு இணையாகக் கணக்கிடும்போது, உரிய தரத்தில் 85 விழுக்காடேனும் இருக்க வேண்டும்; எந்த ஒன்றும் 75 விழுக்காட்டிற்குக் குறையலாகாது.

இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456 இரு முறைகளையும் கலந்தே ஆள்கிறது. தளம் இருக்கும் சூழலுக்கேற்ப வலிமையைக் கேட்பதோடு, சிமெண்டின் கீழ் எல்லையையும் நீரின் மேல் எல்லையையும் விதிக்கிறது. கடுமையான சூழலில் கம்பி பொதிந்த கற்காரைக்குத் தரம் எம்30. கன மீட்டருக்குச் சிமெண்டு 320 கிலோகிராம். நீர்–சிமெண்டு விகிதம் 0.45. பட்டறிவு கொண்ட பொறியாளர் சிலருக்கு இது தேவையற்ற கட்டுப்பாடாகத் தோன்றலாம். ஆயினும், ஆய்வகமே இல்லாத ஊரில் வீடு கட்டுபவருக்கு இவ்வெண்களே காவல்.

எம்20க்கு மேற்படாத எளிய கலவைகளுக்குச் செய்முறைக் குறிப்பே போதுமென அந்நெறி இசைகிறது. அங்கும் எம்20க்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் நீரே உச்ச அளவு. அதை அளக்க ஒரு வாளி போதும். மழையில் நனைந்த மணல் தன்னோடு நீரைச் சுமந்து வரும். அன்று வாளியின் அளவையும் குறைத்தாக வேண்டும்.