லோற்றன் தேன்சிட்டைத் தீட்டிய கை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீடுகளில், செவ்வரத்தை பூத்த இடமெல்லாம் தேன்சிட்டு வருதல் யாவரும் கண்டதே. அவற்றுள் ஓரினத்தின் அலகு ஏனையவற்றினும் நீண்டு வளைந்தது. அதன் சேவல் நிழலிலே வெறுங் கருமையாய்த் தோன்றும். வெயில் பட்ட கணமே ஊதாவும் பசுமையும் ஒளிரும். இவ்வொளி சாயத்தால் ஆயதன்று. இறகின் நுண்ணமைப்பிற் பட்டு ஒளி தெறித்தலால் ஆவது. எனவே, எப்பக்கம் நின்று கண்டான் என்பதற்கேற்ப ஓவியன் தீட்டும் நிறமும் வேறுபடும்.

இதனை லோற்றன் தேன்சிட்டு என்பர். யோவான் கிடியோன் லோற்றன் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் தேசாதிபதியாய் இருந்தவர். இந்நாட்டுப் பறவை, விலங்கு, தாவரங்களைத் தேடுவித்து, அவற்றின் உருவை வரைவித்தார். வரைந்தவர் பீற்றர் டீ பெவெர் என்பார். இவர் இங்கேயே பிறந்த கலப்புக் குடியினர். நில அளவைக்குப் படம் வரையப் பயின்றவர். லின்னேயசு 1766 இல் இட்ட அறிவியற் பெயரிலோ தேசாதிபதியின் பெயரே நிலைத்தது. வரைவித்தவனுக்குப் பறவை, வரைந்தவனுக்குக் கூலி!

அக்காலத்திலே பாடஞ்செய்த உடல்கள் பல பூச்சிகளுக்கு இரையாயின. எஞ்சியவற்றிலும் அலகு, கால், வெறுந்தோல் ஆகியவற்றின் நிறம் மங்கிவிடும். நம் ஈரவலயக் காடுகளில் வாழும் செம்முகப் பூங்குயிலின் முகச்செம்மை அத்தகையதே. பென்னன்ற் என்னும் அறிஞர் 1769 இல் அதற்குச் 'செந்தலை' எனப் பொருள்படும் பெயரிட்டார். அவர் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். லோற்றன் கொண்டு சென்ற ஓவியமே அவருக்குக் கண்ணாயிற்று.

அவ்வோவியங்களின் பயன் அங்கே நிற்கவில்லை. இலண்டனில் யோசேப்பு பாங்சு அவற்றைப் படியெடுக்கச் சிட்னி பாக்கின்சன் என்னும் இளைஞரை 1767 இல் அமர்த்தினார். மறு ஆண்டு அவ்விளைஞரே குக்கின் கப்பலில் ஓவியராய்ச் சென்றார். 1770 இல் அவுத்திரேலியக் கரையை அடைந்தபோது, ஐரோப்பியர் அறியாத செடிகள் குவியலாய் வந்தன. வாடுமுன் வரைந்து முடித்தல் இயலாதாயிற்று. எனவே கோட்டுருவை மட்டும் வரைந்து, இலையொன்றும் பூவொன்றும் வண்ணந் தீட்டி, எஞ்சியவற்றின் நிறத்தைச் சொற்களாற் குறித்து வைத்தார். பின்னர் நிறைவு செய்யலாம் என்பது அவர் எண்ணம். 1771 தையிலே, பத்தாவியாவை விட்டு நீங்கிய கப்பலிற் கழிச்சல் நோயால் மாண்டார். அவர் விட்ட குறையை இலண்டனிற் பிறர் அக்குறிப்புகளைக் கொண்டே தீட்டினர்.

காலம் சென்றபின் நிலைமை ஓரளவு மாறியது. கண்டிப் பகுதியிற் பிறந்த ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலில் எழுதியவரும் தீட்டியவரும் அவரே.

எம் வகுப்பிலே தேன்சிட்டை வரையுமாறு ஒருமுறை பணித்தேன். பெரும்பாலோர் அடைக்கலங்குருவியின் அலகை வைத்து நீலம் பூசித் தந்தனர். ஒரு மாணவன் மட்டும் மூன்று காலை செவ்வரத்தையின் அருகே அமர்ந்து, வண்ணம் இல்லாமையாற் பென்சிலால் வரைந்திருந்தான். அலகு சரியாகவே வளைந்திருந்தது. கழுத்தருகே, "வெயிலில் ஊதா, மரத்தின் கீழ்க் கறுப்பு" என்று எழுதியிருந்தான்.