பாரிசில் நான்கு நாள்: எதை விடலாம்?

ஜூன் விடுமுறைக்கு ஐரோப்பா போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ‘பத்து நாளில் ஏழு நாடு’ விளம்பரத்தில்தான் போய் நிற்கும். பேருந்தில் தூங்கி எழுந்து, இறங்கிப் படம் எடுத்து, மறுபடியும் ஏறும் பயணம் அது. ஒரு வார விடுப்புதான் என்றால் ஒரே ஊருக்குப் போய் வருவது மேல். பாரிஸ் என்றால், விமான நேரம் போகக் கையில் நான்கு முழு நாள் மிஞ்சும்.

விமானச் சீட்டுக்கு முன்னால் பார்க்கவேண்டியவை வீட்டிலுள்ள கடப்பிதழ்கள். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. 180 நாள்களில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால், பிள்ளைகளிடம் சிங்கப்பூர்க் கடப்பிதழும் அப்பா அம்மாவிடம் இந்தியக் கடப்பிதழும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விடுமுறை நெருங்க நெருங்க விசா நிலையத்தில் நேரம் கிடைக்காது. விசா வருமுன்னே பணம் திரும்பக் கிடைக்காத சீட்டை வாங்கினால் சலுகை விலையில் சேமித்ததைப் போல் பல மடங்கு போய்விடும். விசா தேவைப்படாதவர்களுக்கும் எட்டியாஸ் என்ற இணைய முன்அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. அது நடப்புக்கு வந்துவிட்டதா என்று அதன் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஜூனா, டிசம்பரா? பலரும் குளிரை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஜூன் பிற்பாதியில் அங்கு சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். சுற்ற நேரம் தாராளம். ஆனால் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும் ஐஃபல் கோபுரத்தைப் பார்க்கப் பதினொரு மணி வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் சின்னவர்கள் தோளில் தூங்கிவிடுவார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறு மணிக்கு மின்னலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். கம்பளிக்கு மட்டும் கொஞ்சம் செலவு.

தாத்தா பாட்டியும் உடன் வருகிறார்கள் என்றால் மொத்தத் திட்டமும் மாறவேண்டும். நம் பெருவிரைவு ரயிலில் எல்லா நிலையத்திலும் மின்தூக்கி இருந்து பழகிவிட்டோம். பாரிஸ் மெட்ரோ 1900ல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் படிக்கட்டுதான். 14ஆம் தடம் மட்டும் முழுக்க மின்தூக்கி வசதி கொண்டது. முழங்கால் வலிக்காரர்களுக்குப் பேருந்தே துணை. குறிப்பாக 69ஆம் எண் பேருந்து ஐஃபல் கோபுரத்தின் அருகில் புறப்பட்டு, ஓர்சே அரும்பொருளகம், லூவர், பஸ்டீல் வழியாகச் செல்கிறது. சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். கட்டணத்துக்கு ‘நவிகோ ஈசி’ அட்டை, ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை நான்கு பேருக்குத் தட்ட முடியாது. வாராந்தர அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும் என்பதால், வியாழக்கிழமை போய் இறங்குபவர்களுக்கு அது வீண்.

ஹோட்டலைப் பதியும்போதும் இதே கவனம் தேவை. அங்கே ‘முதல் மாடி’ என்பது நம் கணக்கில் இரண்டாம் தளம். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மின்தூக்கியே இருக்காது. இருந்தாலும் இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடமில்லை.

லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை. லூவருக்கு நான் சொல்வது புதன் அல்லது வெள்ளி மாலை. அந்த இரு நாளும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்கிவிடவேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். மோனலிசா வெறும் 77க்கு 53 சென்டிமீட்டர். கூட்டத்தின் கைப்பேசிகளுக்கிடையே அதைத் தேடி அரைமணி நேரம் போகும். படிக்கட்டின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் சமோத்ராசின் வெற்றித் தேவதை சிலையின் முன் அதே அரைமணியைச் செலவிட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவிருக்கும்.

2019ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோட்ர டாம் தேவாலயத்துக்குள் போகக் கட்டணமில்லை. வாசலில் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, எதை விடுவது? முதலில் டிஸ்னிலேண்ட். ஹாங்காங்கிலும் தோக்கியோவிலும் இருப்பதற்காகப் பாரிசில் ஒரு நாளைக் கொடுக்கவேண்டாம். அடுத்தது வெர்சாய் அரண்மனை. அழகுதான், சந்தேகமில்லை, ஆனால் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும், தோட்டத்தில் நடையும் அதிகம். பெரியவர்கள் இல்லாத குழு என்றால் போகலாம்.

மிச்சமாகும் நாளில் அரை நாளை லா ஷாப்பெல் பகுதிக்குக் கொடுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். 1980களிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்களின் கடைவீதி அது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், சேலைக் கடை, நகைக் கடை, கொத்து ரொட்டியின் தட்டல் என்று நம் தேக்காவை நினைவூட்டினாலும் காதில் விழுவது யாழ்ப்பாணத் தமிழ். மூன்று நாளாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்ட சைவப் பாட்டிக்கு ஒரு தோசை இங்கே கிடைக்கும். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி வாக்கில் நடக்கும் அதன் தேர்த் திருவிழாவில் பாரிஸ் தெருவில் தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும். பிரெஞ்சுக்காரர்களும் கூடி நின்று பார்ப்பார்கள்.

பணப்பைக்குக் கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. மோன்மார்த் குன்றின் படிகளில் கையில் நூல் கட்ட வருபவர்கள், கையெழுத்துக் கேட்டுத் தாள் நீட்டும் இளையர்கள், கோபுரத்தடியில் மூன்று கிண்ணச் சூதாட்டம். எதற்கும் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ஷூர்’ சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். உணவகத்தில் ‘காராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வந்து, கூடவே விலையும் வரும்.

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம். கடையில் படிவம் கேட்டு வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியை அனுப்புவதற்கு முன் இயந்திரத்தில் அதைப் பதியவேண்டும். அங்கும் வரிசை உண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.