நிழலுக்கும் நிறம் உண்டு

வீட்டின் உட்புறத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட முற்படுவோர் முதற்கண் தேடுவது கறுப்பு வண்ணத்தையே. அன்பான வாசகர்களே, நாமும் அவ்வாறே தேடி ஒரு கித்தானைப் பாழாக்கினோம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் நாம் பிறந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தம்பி முடிவு செய்திருந்தார். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய வீடு. முன்னறையின் ஒரே சன்னலருகே சுளகும் கையுமாக அன்னையார் அமர்ந்திருந்த காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த அறையையாவது ஓவியமாக வைத்துக்கொள்ள விரும்பினோம். தம்பி கைப்பேசியில் எடுத்தனுப்பிய படத்தில் சன்னல் வெறும் வெள்ளைத் திட்டாகவும், மற்றெல்லாம் இருளாகவும் விழுந்திருந்தன. அதைப் பார்த்தே தீட்டினோம். "அண்ணே, இது நம்ம வீடா, கரி மூட்டை அடுக்கின கிட்டங்கியா?" என்றார் தம்பி.

இப்பிழையினின்று ஓவியக்கலையை மீட்டவர்கள் பிரெஞ்சு ஓவியர் சிலர். 1874 ஏப்ரல் 15 அன்று பாரிசில் அவர்களது கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டிய குளோத் மொனேயின் படத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு, 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று கேலி பேசினர். துறைமுகத்தில் பிறந்த பெயராதலால் நம் ஊராருக்கும் அதில் சிறிது உரிமை உண்டு! அவர்களைத் திறந்தவெளி ஓவியர்களாகவே பலரும் அறிவர். ஆனால் அதே கண்காட்சியில் பெர்த் மொரிசோ என்னும் பெண்மணி 'தொட்டில்' என்ற அறைக் காட்சியை வைத்திருந்தார். உறங்கும் மகவைப் பார்த்திருக்கும் தாய், அவருடைய சகோதரியே. தொட்டிலை மூடிய மெல்லிய துணி வெள்ளைதான். ஆயினும் அவ்வெண்மைக்குள் நீலச் சாயலும் இளஞ்சிவப்புச் சாயலும் கலந்துள்ளன.

அச்சுப் படத்தில் அதனைக் கண்டபோது தந்தையாரின் நினைவு வந்தது. 1961-இல் நடந்த முத்துக்குளிப்பில் அவர் மூழ்கியவர். அதன்பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நல்முத்தை விரலிடையே மெல்ல உருட்டிக் காட்டி, "வெள்ளைன்னு சொல்லாதே, நல்லா பாரு" என்பார். பார்த்தால் ரோஜா நிறமும் பசுமையும் ஓடும்.

மீண்டும் அந்த அறையிலேயே போய் அமர்ந்தோம். காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை மட்டுமே வேலை. அதற்குமேல் வெளிச்சம் இடம் மாறிவிடும். கறுப்பை அறவே விலக்கி, அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்து இருளை உண்டாக்கினோம். நிழற்பகுதிகளை டர்ப்பன்டைன் சேர்த்து மெல்லியதாக இட்டபின், ஒளிபடும் இடங்களைத் தடித்த வண்ணத்தால் தீட்டினோம். அடியில் மெலிந்தும் மேலே எண்ணெய் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் வெடிக்கும். வெயில் மஞ்சளாக விழுந்த தரைக்கு அப்பால் நிழல் ஊதாவாக நின்றது. அதுவரை நாம் அதைக் கண்டதேயில்லை. செந்தரையில் பட்டெழுந்த ஒளி சுவரின் அடிப்பகுதியைச் சிவப்பாக்கியிருந்தது. இவற்றைக் குழைத்துத் தேய்க்காமல், தனித்தனித் தீற்றல்களாகப் பக்கம்பக்கமாக வைத்தோம். தேரிமணல் காற்றில் வந்து ஒட்டியதைச் சொல்லவா வேண்டும்!

நம் நாட்டு வீட்டின் உட்புறத்தை எண்ணெய் வண்ணத்தில் அழகுறத் தீட்டியவர், 2021-இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா. அவர் பாணி வேறு, நிழற்படம்போல் நுணுக்கமானது. ஆயினும் கதவு வழியே வரும் வெளிச்சத்தில் சிற்றூர்ப் பெண்களை அவர் நிறுத்திய அழகைக் கண்டோர் மறவார்.

அன்னையாரின் முகத்தைத் தீட்ட நம் கைக்குத் திறன் போதவில்லை. சுவரில் சாத்திய சுளகையும், அவர் அமரும் இடத்தில் விழுந்த வெயிலையும் மட்டும் வைத்தோம். தம்பி நெடுநேரம் பார்த்திருந்தார். பின், "அந்தச் சன்னல் கதவை உடைக்காம எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

சென்ற மாதம் சுவர்கள் இறங்கிவிட்டன. ஓவியத்தில் வெயில் விழுந்த இடம் இன்னும் உலரவில்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிறது.