தரவுத்தளத்திடம் கேட்கத் தெரியுமா?

ஒரு நூலகத்தின் கணினியில் இரண்டு அட்டவணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் உறுப்பினர்களின் எண்ணும் பெயரும் இருக்கின்றன. மற்றொன்றில் யார், எந்தப் புத்தகத்தை, எந்தத் தேதியில் எடுத்தார் என்ற இரவல் பதிவுகள். ‘இதுவரை ஒரு புத்தகம்கூட எடுக்காதவர்கள் யார் யார்?’ என்று நூலகர் கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தரவுத்தளத்துக்கு விளங்கும்படி எழுதுவதே வினவல். எழுதும் மொழி எஸ்.கியூ.எல்.

இந்த மொழி அரை நூற்றாண்டைக் கடந்தது. முன்பெல்லாம் ஒரு பதிவை எடுக்க, அது கிடக்கும் இடத்துக்குப் போகும் வழியை நிரலரே படிப்படியாக எழுதவேண்டியிருந்தது. தகவல்களை அட்டவணைகளாக வைத்தால் அந்தத் தொல்லை கேட்பவருக்கு வேண்டாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் ‘சீக்வல்’ மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயர் பிரிட்டனில் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால், பிறகு எஸ்.கியூ.எல். ஆனது. பாய்ஸ் 1974-இலேயே, இளம் வயதில் இறந்துபோனார். காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார்.

என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எப்படி எடுப்பது என்பது தரவுத்தளத்தின் பொறுப்பு. இந்த மொழியின் பலம் அது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இலக்கணம் சரியாக இருந்தால், நாம் கேட்க நினைக்காத கேள்விக்கும் அழகான விடை வந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

நூலகரின் கேள்விக்கே வருவோம். ‘இரவல் அட்டவணையில் இல்லாத எண்களை உடைய உறுப்பினர்களைக் கொடு’ என்று ‘நாட் இன்’ போட்டு எழுதுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இரவல் பதிவுகளில் ஒரே ஒரு வரியில் உறுப்பினர் எண் விடுபட்டு ‘நல்’ என்று இருந்தால் போதும், விடையில் ஒருவர் பெயரும் வராது. எல்லோரும் புத்தகம் எடுத்திருக்கிறார்கள் என்று நூலகர் மகிழ்ந்துபோவார்!

காரணம், ‘நல்’ என்றால் பூஜ்யம் இல்லை, மதிப்பு தெரியவில்லை என்று பொருள். 25-ஆம் எண்காரர் பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்தத் தெரியாத எண் 25 ஆகவே இருக்கலாமே. எஸ்.கியூ.எல். உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று மதிப்புகளில் சிந்திக்கிறது. வரிகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனை உண்மையானவற்றை மட்டும் உள்ளே விடும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ கொண்டு எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை: இந்த எண்ணுக்குப் பொருந்தும் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்க்கும், எண் விடுபட்ட வரி யாருக்கும் பொருந்தாமல் ஒதுங்கிவிடும்.

இன்னொன்று. ஜூன் மாதம் ஒவ்வொருவரும் எத்தனை புத்தகம் எடுத்தார்கள், எடுக்காதவருக்குப் பூஜ்யம் போட்டுக் கொடு என்கிறார் நூலகர். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் ‘லெஃப்ட் ஜாயின்’ எல்லா உறுப்பினர்களையும் தக்கவைக்கும். ஆனால் தேதி நிபந்தனையை, இணைப்பு விதியைச் சொல்லும் ‘ஆன்’ பகுதியில் எழுதாமல் ‘வேர்’ பகுதியில் எழுதினால், பூஜ்யக்காரர்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். ‘ஆன்’ பகுதியில் சரியாக எழுதினாலும், எண்ணிக்கை தரும் ‘கவுன்ட்’டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால் அவர்களுக்கும் ஒன்று என்று காட்டும். இரவல் அட்டவணையின் புத்தக எண்ணைக் கொடுத்து எண்ணச் சொன்னால்தான் பூஜ்யம் வரும்.

வேகமும் முக்கியந்தான். தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் எங்கே உதவுகிறது என்பதை ‘எக்ஸ்ப்ளெயின்’ கட்டளை காட்டிக்கொடுக்கும். ஆனால் தவறான விடை சீக்கிரம் வந்து என்ன பயன்?

ஜாயின் எத்தனை வகை என்று நேர்காணலில் கேட்டுத் திறமையை அளப்பது வீண் வேலை என்பது என் கருத்து. பத்து வரி உள்ள இரண்டு அட்டவணைகளைக் கொடுங்கள். அவற்றில் ஒரு ‘நல்’, ஒரு இரட்டைப் பதிவு, புத்தகமே எடுக்காத ஒருவர் இருக்கட்டும். விடை என்ன வரும் என்பதை, வினவலை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கற்றுக்கொள்பவர்களும் இதையே வீட்டில் செய்யலாம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தள மென்பொருள் முற்றிலும் இலவசம். சாதாரணக் கணினியிலேயே ஓடும். இன்றே இரண்டு அட்டவணைகளை உருவாக்கி, ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுக் கேட்டுப் பாருங்கள்.