கொன்ட்ரோல் விசை பழுதானால் கணக்கும் பிசகும்

எனது ஹாட்வெயார் கடையின் கடன் கணக்கை எக்ஸெலில்தான் பதிந்து வருகின்றேன். இடையிடையே கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமிப்பது எனது பழக்கம். அண்மையில் வாடிக்கையாளர் ஒருவரிடம் பாக்கித் தொகையைச் சொன்னபோது, "நானா, நான் தர வேண்டியது இதைவிடக் கூட. பில் புத்தகத்தைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். 18,500 ரூபா குறைந்திருந்தது!

தொகை இருக்க வேண்டிய கட்டத்தில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து மட்டுமே இருந்தது. இடப்பக்கக் கொன்ட்ரோல் விசை பழுதாகியிருந்ததே காரணம். கொன்ட்ரோல் இயங்காதபோது எஸ் வெறும் எழுத்தாகப் பதிந்து, அக்கட்டத்திலிருந்த தொகையை அழித்துவிடும். 'சம்' என்ற கூட்டல் சூத்திரம் எழுத்துக்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பிழை என்று எந்த அறிவித்தலும் வராது. மொத்தம் மட்டும் குறையும். கோப்பை மூடும்போது சேமிக்கவா என எக்ஸெல் கேட்க, நானும் ஆம் என்று விட்டேன்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பின்வருமாறு பாருங்கள்.

முதலில் வலப்பக்கக் கொன்ட்ரோலை அழுத்துங்கள். அது இயங்கினால் பழுது இடது விசையில்தான். வேறொரு விசைப்பலகையைப் பொருத்தினால் அது உறுதியாகும்.

இரண்டுமே இயங்காவிட்டால் நோட்பேடில் முயன்று பாருங்கள். அங்கு இயங்கினால் கோளாறு எக்ஸெலில். 'பைல்' மெனு மூலம் சேமித்துவிட்டு, எக்ஸெலை மூடித் திறவுங்கள்.

தமிழிலும் தட்டச்சு செய்பவராயின், மொழி மாறியிருக்கிறதா எனக் கவனியுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறும்.

எந்த விசையுமே சரியாகப் பதியவில்லையா? வலது ஷிப்டை 8 செக்கன்கள் அழுத்தியிருந்தால் 'பில்டர் கீஸ்' இயங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது சட்டென்று தட்டும் அழுத்தங்களைக் கணினி ஏற்காது. செட்டிங்ஸில் அதனை நிறுத்திவிடுங்கள்.

விசை திருந்தும்வரை ஷிப்டுடன் எப்12ஐ அழுத்தியும் சேமிக்கலாம்.

இன்னொன்று: தொகை நிரலுக்கு 'கவுண்ட்', 'கவுண்ட்ஏ' ஆகிய இரு சூத்திரங்களையும் இடுங்கள். முன்னையது இலக்கங்களை மட்டும் எண்ணும். பின்னையது வெறுமையற்ற எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தலைப்பைச் சேர்க்காமல் எண்ணும்போது இரண்டும் வேறுபட்டால், எங்கோ எழுத்து புகுந்துள்ளது.

அந்த வாடிக்கையாளரின் நேர்மை எனது பணத்தைக் காத்தது. இப்போது கடையை மூடுமுன் பில் புத்தகத்தோடு ஒப்பிடாமல் நான் எழுவதில்லை.