பென்ஷனில் வரி இல்லை, கடையில் உண்டு!

மாதப் பிறப்பு. விருதுநகரில் ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், பாங்கில் பாஸ் புத்தகத்தை நீட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். பென்ஷன் வந்து விட்டது. அதில் தமிழ்நாடு சர்க்கார் காசு எதுவும் வரியாகப் பிடித்திருக்கிறதா?

இல்லை! பிடிக்கவும் முடியாது. வருமான வரி போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மத்திய சர்க்காருக்கே கொடுத்திருக்கிறது. விவசாய வருமானம் ஒன்றுதான் விதிவிலக்கு.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே பல மாநிலங்கள் தனியாக வருமான வரி வாங்குகின்றன. புளோரிடாவில் அந்த வரி கிடையாது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் அங்கே குடியேறுகிறவர்கள் உண்டு. நம் வாத்தியாருக்கு அந்த அலைச்சல் இல்லை. தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

வேலையில் இருந்தபோது அவர் தொழில் வரி கட்டினார். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்கக் கூடாது என்பது சட்டம். வேலை முடிந்தது, அந்த வரியும் நின்றது.

அப்படியானால் பெரியவர்களுக்கு மாநில வரியே இல்லையா? இருக்கிறது! அது கடை வழியாக வருகிறது.

பட்டாசுப் பெட்டியில் 90 ரூபாய்

சென்னை ராஜ்யத்தில் விற்பனை வரி 1939ல் வந்தது. அப்போது முதல் மந்திரி ராஜாஜி. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட அதைக் கொண்டு வந்தார். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரத்தில் அந்த வரியில் பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய சர்க்காருக்கு.

சிவகாசியில் ஒரு முதியவர். பட்டாசு ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தீபாவளிக்குப் பேரனுக்கு 1,000 ரூபாய்க்குப் பட்டாசு வாங்குகிறார். அதற்கு வரி 18 சதவிகிதம். 180 ரூபாய்! அதில் 90 ரூபாய் மாநிலத்துக்கு. மருந்து திணித்த கைதான். ஆனாலும் தள்ளுபடி கிடையாது.

வைப்பு நிதிப் பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். இது 2014ல் நிர்ணயித்தது. அவருக்குக் கிடைப்பது அதுதான் என்றால், நிலைமை என்ன? ரேஷன் அரிசிக்கு வரி இல்லை. சோப்பு, மாத்திரை போன்றவற்றுக்கு 5 சதவிகிதம். 1,000 ரூபாயையும் அப்படிச் செலவழித்தால் சுமார் 48 ரூபாய் வரி. மாநிலத்தின் பங்கு 24 ரூபாய்.

24 ரூபாய்தானே என்று தோன்றும். ஆலை முதலாளி சோப்பு வாங்கினாலும் அதே 5 சதவிகிதம்தான். வாத்தியாருக்காவது விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி ஏறுகிறது. ஆலைத் தொழிலாளியின் பென்ஷனுக்கு அது கிடையாது. விலை ஏறினால் வரியும் ஏறும். பென்ஷன் மட்டும் ஏறாது!

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1962ல், ஆதரவற்ற முதியோர் பென்ஷன் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். 2023ல் அது 1,200 ஆனது. கொடுப்பதில் ஒரு சிறு பகுதி கடை வழியே திரும்பி வந்து விடுகிறது.

நல்ல சேதியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், தனி நபர் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு இருந்த 18 சதவிகித வரி நீங்கியது. 20,000 ரூபாய் பிரீமியம் கட்டியவருக்கு 3,600 ரூபாய் மிச்சம்.

வீட்டுக்கு வரி

சொத்து வரியை வசூலிப்பது நகராட்சி. சட்டம் போடுவது மாநிலம். 2022ல் இந்த வரி கூடியது. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம். 1,800 சதுர அடிக்கு மேல் இரு மடங்கு. சம்பளம் நின்று போனவரா என்று யாரும் கேட்பதில்லை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவிகிதம் தள்ளுபடி. மறக்க வேண்டாம்!

வீட்டை மகன் பெயருக்கு எழுத நினைக்கிறீர்களா? தான செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவிகிதம், அதிகம் போனால் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவிகிதம், உச்சம் 10,000. பத்து லட்ச ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 20,000. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. செட்டில்மெண்ட் எழுதினால் வீடு அன்றே கை மாறி விடும். உயிலை, உயிர் உள்ளவரை மாற்றி எழுதலாம்.